காலி இடம் விட்ட கேள்வி: பைண்ட் வேரியபிளின் கதை



"நீ ஒரு கட்டுரை எழுதியே ஆகணும்" என்று மலர்க் குழுவிடமிருந்து உத்தரவு வந்தது. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதை ஒவ்வொரு மலரிலும் யாராவது எழுதிவிடுகிறார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அந்தத் தப்புக்குப் பின்னால் ஐம்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. அது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

ராத்திரி பத்து மணி போன்

சென்ற வருடம் ஒரு ராத்திரி, நம் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் போன் செய்தார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நம்ம முன்னாள் மாணவர் டைரக்டரி நீங்க எழுதினதுதானே? அதுல ஊர் போடுற கட்டத்துல ஒண்ணு டைப் பண்ணிப் பார்த்தேன். எல்லார் போன் நம்பரும் வந்துடுச்சுண்ணா."

"எல்லாரோடதுமா?"

"வெளியிட வேண்டாம்னு சொன்னவங்களோடதும்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த டைரக்டரி, 2010-ல் நான் செய்த ஃபைனல் இயர் புராஜெக்ட். ஆண்டு, பிரிவு, ஊர் என்று மூன்று கட்டங்கள். வேண்டியதை நிரப்பினால் பட்டியல் வரும். இதைத்தான் ஃபில்டர் என்கிறோம். "உங்கள் முகவரியையும் நம்பரையும் மற்றவர்கள் பார்க்கலாமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஆம் அல்லது வேண்டாம் என்று குறித்து வைத்திருந்தோம். வேண்டாம் என்றவர்களில் நம் வகுப்புத் தோழிகள் பலர் உண்டு. பெரிய பதவியில் இருப்பவர்கள் உண்டு. இறந்துபோன நண்பர்களின் குடும்பத்தார் உண்டு. அவர்களுக்கு நாம் கொடுத்தது ஒரு வாக்கு.

என் புரோகிராம் அந்த வாக்கை இப்படிக் காப்பாற்றியது. மதுரை என்று ஒருவர் நிரப்பினால், டேட்டாபேசுக்குப் போகும் நிபந்தனை:

சம்மதம் = 'ஆம்' ஆண்ட் ஊர் = 'மதுரை'

மதுரை என்ற சொல்லை மட்டும் கட்டத்திலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டு ஒட்டிவிடுவேன். அந்தத் தம்பி ஊர்ப் பெயருக்குப் பதிலாக ' ஆர் '1' = '1 என்று அடித்திருக்கிறார். ஒட்டியபின் வாக்கியம் இப்படி ஆகிவிட்டது:

சம்மதம் = 'ஆம்' ஆண்ட் ஊர் = '' ஆர் '1' = '1'

ஒன்று எப்போதும் ஒன்றுக்குச் சமம். ஆண்ட், ஆரைவிட இறுக்கமாகப் பிடிக்கும் என்பது விதி. ஆகவே டேட்டாபேஸ் இதை, "முதலிரண்டும் பொருந்தினால் கொடு, அல்லது சும்மாவே கொடு" என்று படித்தது. எல்லாரையும் கொடுத்தது. அதன்மேல் குற்றமில்லை. சொன்னதைச் செய்தது.

வங்கிச் சலானை நினைத்துப் பாருங்கள். பெயர் என்ற கட்டத்தில் "இவருக்கு இன்னொரு ஐயாயிரம் சேர்த்துக் கொடுக்கவும்" என்று யாராவது எழுதினால் கேஷியர் கொடுத்துவிடுவாரா? "விசித்திரமான பேரா இருக்கே" என்பார், அவ்வளவுதான். ஏனென்றால் சலானில் அச்சடித்தது வேறு, நாம் நிரப்புவது வேறு. அதே விஷயத்தை ஒரு பையனிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், எது முதலாளி சொன்னது, எது வழியில் எவனோ சேர்த்தது என்று கேஷியருக்குத் தெரியாது. நான் பத்து வருடத்துக்கும் மேலாக டேட்டாபேசுக்குப் பையனை அனுப்பிக்கொண்டிருந்தேன். சலான் முறை எனக்குப் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

சான் ஹோசேயில் ஆரம்பம்

1970-ல், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரை எழுதினார். தகவலை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும், எப்படித் தேடுவது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். இதுதான் சாரம். 1981-ல் அவருக்கு ட்யூரிங் விருது கிடைத்தது.

அப்படிக் கேட்பதற்கு ஒரு பாஷை வேண்டுமே! அதே கூடத்தில் டொனால்ட் சாம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974-ல் சீக்வெல் என்ற மொழியை வெளியிட்டார்கள். டிரேட்மார்க் தகராறில் அந்தப் பெயர் சுருங்கி எஸ்.க்யூ.எல். ஆனது. பாய்ஸ் அந்த 1974-லேயே, இருபதுகளில், திடீரென்று காலமானார். தன் மொழி உலகத்தை ஆண்டதை அவர் பார்க்கவில்லை.

காட்டின் யோசனையை ஓட்டிக் காட்ட ஐ.பி.எம். எடுத்த முயற்சியின் பெயர் சிஸ்டம் ஆர். ஆரம்பத்தில் ஒவ்வொரு கேள்வியையும் வரும்போதே படித்து, புரிந்துகொண்டு, வழி தேடி, ஓட்டினார்கள். 1976-ல் ரேமண்ட் லோரி ஒரு விஷயத்தைக் கவனித்தார். வங்கியிலோ கிடங்கிலோ ஓடும் புரோகிராம் நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. கணக்கு எண் மட்டும்தான் மாறுகிறது. அப்படியிருக்க ஒவ்வொரு தடவையும் எதற்கு முதலிலிருந்து படிக்க வேண்டும்? ஒரு தடவை மெஷின் மொழிக்கு கம்பைல் செய்து வைத்துவிட்டால் போதாதா?

போதும். ஆனால் ஒரு சிக்கல். கம்பைல் செய்யும்போது கணக்கு எண் தெரியாது. ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். புரோகிராமின் ஒரு வேரியபிளை அந்தக் காலி இடத்தோடு முடிந்து வைத்து, ஓடும்போது மதிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த முடிச்சுதான் பைண்ட். பிற்காலத்து எஸ்.க்யூ.எல். புரோகிராம்களில் முன்னால் முக்காற்புள்ளி போட்ட பெயராகவும், ஓடும்போது தயாரிக்கும் கேள்விகளில் வெறும் கேள்விக்குறியாகவும் இது நிலைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யாரும் திருடனை நினைத்து இதைச் செய்யவில்லை. கம்ப்யூட்டரின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் செய்தார்கள். ஆனாலும், வாக்கியம் முதலில் முடிவாகிறது, மதிப்பு பிறகு வருகிறது. முடிவாகிப்போன வாக்கியத்தை, பின்னால் வருகிற மதிப்பு மாற்ற முடியாது. பாதுகாப்பு இலவச இணைப்பாகவே வந்துவிட்டது!

காலி இடத்துக்கும் விலை உண்டு

சரித்திரம் எழுதுகிறவன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது. 1979-ல் பாட்ரீஷியா செலிங்கரும் சகாக்களும், பல வழிகளில் மலிவான வழியை மெஷின் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று எழுதினார்கள். "சம்பளம் 50,000-க்கு மேல்" என்றால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று கணக்குப் போடலாம். "சம்பளம் ஒரு காலி இடத்துக்கு மேல்" என்றால்? குத்துமதிப்புதான். அவர்கள் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டார்கள். குத்துமதிப்பு தப்பினால் மெஷின் தப்பான வழியில் போகும்.

இந்தச் சிக்கலோடு டேட்டாபேஸ்காரர்கள் பிற்பாடும் மல்லுக்கட்டினார்கள். ஆரக்கிள் 9ஐ, முதல் தடவை வரும் மதிப்பை எட்டிப் பார்த்து வழியை முடிவு செய்தது. முதலில் வந்தவர் சின்ன கிராமத்தைக் கேட்டு, அடுத்தவர் சென்னையைக் கேட்டால், கிராமத்து வழியிலேயே சென்னைக்கும் போய்த் திணறியது. 2007-ல் வந்த 11ஜி, மதிப்புக்குத் தகுந்தபடி பல வழிகளை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது.

ஆரக்கிள் சொன்ன கணக்கு

ஆரக்கிள் கம்பெனியை லாரி எல்லிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் 1977-ல் வேறு பெயரில் தொடங்கினார்கள். 1979-ல் விற்ற முதல் சரக்குக்கே வெர்ஷன் 2 என்று பெயர். வெர்ஷன் 1 விற்பனைக்கே வரவில்லை. வியாபாரம் என்றால் அதுதான்!

1992-ல் வந்த ஆரக்கிள் 7, பைண்ட் வேரியபிளின் மதிப்பைக் கண்ணால் பார்க்க வைத்தது. ஒருவர் கேட்ட கேள்வியைப் படித்து முடித்த உருவத்தை அது எல்லாருக்கும் பொதுவான நினைவிடத்தில் வைத்துக்கொண்டது. அடுத்தவர் எழுத்துக்கு எழுத்து அதே கேள்வியைக் கேட்டால் மறுபடி படிக்க வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து என்பதுதான் முக்கியம். ஊர் = 'மதுரை' ஒரு கேள்வி, ஊர் = 'திருச்சி' இன்னொரு கேள்வி. பத்தாயிரம் கணக்கு எண்ணை ஒட்டி ஒட்டி அனுப்பினால் பத்தாயிரம் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் பார்த்து, அட்டவணை இருக்கிறதா, பார்க்க உரிமை உண்டா என்று விசாரித்து, வழி தேட வேண்டும். இதை ஹார்டு பார்ஸ் என்பார்கள். ஊர் = :1 என்று காலி இடம் விட்டால் பத்தாயிரமும் ஒரே கேள்வி.

அந்தக் காலத்து ஆரக்கிள்காரர்கள் பைண்ட், பைண்ட் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டது இந்த வேகத்துக்காகத்தான்.

இதே சமயத்தில், எந்த டேட்டாபேசாக இருந்தாலும் ஒரே மாதிரி பேச ஒரு நடுவர் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அதுதான் ஏ.பி.ஐ. 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஓ.டி.பி.சி.யைக் கொண்டுவந்தது. 1997-ல் ஜாவாவோடு ஜே.டி.பி.சி. வந்தது. இரண்டிலும் சலான் முறை இருந்தது: முதலில் பிரிப்பேர், அப்புறம் பைண்ட், கடைசியில் எக்ஸிகியூட். தயார் செய், நிரப்பு, ஓட்டு. கூடவே, ஒட்டிய வாக்கியத்தை அப்படியே அனுப்பும் குறுக்கு வழியும் இருந்தது. மனித சுபாவம் எந்த வழியில் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெப் வந்தது, நூல் அறுந்தது

வெப் வந்தபோது முன்பின் தெரியாத உலகமே டேட்டாபேசின் கதவைத் தட்டத் தொடங்கியது. நம்மைப் போன்ற பொடியர்கள் கையில் கிடைத்த பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல்லும் இலவசம், சுலபம். ஆனால் மைஎஸ்க்யூஎல் சர்வரில் தயார் செய்து நிரப்பும் வசதி 2004-ல் வந்த 4.1-ல்தான் வந்தது. அதற்குள் ஒட்டுவது ஒரு தலைமுறையின் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

1998 டிசம்பரில், பிராக் என்ற ஹேக்கர் பத்திரிகையின் 54-ஆம் இதழில் ரெயின் ஃபாரஸ்ட் பப்பி என்ற புனைபெயரில் ஒருவர் இந்த ஓட்டையை விளக்கி எழுதினார். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்று இன்று எல்லாரும் சொல்லும் சங்கதியைப் பொதுவில் சொன்ன ஆரம்பக் கட்டுரைகளில் அது ஒன்று.

பி.எச்.பி.காரர்கள் கையாண்ட வைத்தியத்தின் பெயர் மேஜிக் கோட்ஸ். வருகிற மேற்கோள் குறிக்கு முன்னால் தானாகவே ஒரு சாய்கோடு போட்டுவிடும். வியாதி ஓரளவு அமுங்கியது, பக்க விளைவு பெரிதாக இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2011 சந்திப்பு அழைப்பிதழ் உறைகளில் டி'குரூஸ் என்ற குடும்பப் பெயர் டி\'குரூஸ் என்று அச்சாகி வந்ததே! பி.எச்.பி. ஒரு சாய்கோடு போட்டது, புத்திசாலியாக நானும் ஒன்று போட்டேன். "ஏண்டா, எங்க பரம்பரைப் பேருக்குள்ள கோடு கிழிச்சிருக்கே?" என்று ஒரு சீனியர் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். அன்றே யோசித்திருக்க வேண்டும். ஒரு மனுஷனின் பெயரே புரோகிராமை உடைக்கிறது என்றால், கோளாறு பெயரிலா இருக்கிறது?

மேஜிக் கோட்ஸ் 2012-ல் வந்த 5.4-ல் நீக்கப்பட்டது. பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகள் 2015-ல் வந்த பி.எச்.பி. 7-ல் நீக்கப்பட்டன. 2018-ல் சர்வரை மாற்றியபோது, மொபைலிலும் தெரியட்டும் என்று டைரக்டரியை ஏ.பி.ஐ.யாக மாற்றினேன். வெளியே புதுச் சட்டை, உள்ளே அதே பழைய ஒட்டு. மேஜிக் கோட்ஸ் என்ற ஓட்டைக் குடையும் அன்றோடு போயிற்று. அது மட்டுமல்ல. ஆண்டு என்ற கட்டம் எண் என்பதால் அதற்கு நான் மேற்கோள் குறியே போட்டதில்லை. மேற்கோளை மட்டும் காக்கும் குடை அங்கே 2010-லிருந்தே பயன்பட்டதில்லை.

ஊர் உலகத்தில் நடந்தவை

நான் மட்டுமா என்று ஆறுதல் தேடிப் படித்ததில் ஆறுதல் கிடைக்கவில்லை, பயம்தான் வந்தது. அமெரிக்காவில் ஹார்ட்லேண்ட் என்ற கார்டு பணப் பரிமாற்ற நிறுவனத்தில் புகுந்தவர்கள் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார்கள் என்றது 2009 குற்றப்பத்திரிகை. 13 கோடி கார்டு எண்கள். ஆல்பர்ட் கொன்சாலஸ் என்பவருக்கு 2010-ல் 20 வருடச் சிறை. 2015-ல் பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போனது. மறு வருடம் 4 லட்சம் பவுண்ட் அபராதம். புகுந்த இடம் எது தெரியுமா? 2009-ல் இன்னொரு கம்பெனியின் வியாபாரத்தை வாங்கியபோது கூடவே வந்து, யாரும் கவனிக்காமல் கிடந்த பழைய வெப் பக்கங்கள். படித்ததும் நம் டைரக்டரி ஞாபகம்தான் வந்தது.

2023-ல் மூவ்இட் என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளில் இதே ஓட்டை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் சி.ஐ.எஸ்.ஏ.வும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து மென்பொருள் நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டன. காலி இடம் விட்டு எழுதுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1976-ன் யோசனையை 2024-ல் அரசாங்கம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது!

இப்போது எப்படி எழுதினோம்

அந்தத் தம்பியும் நானும் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து ஃபில்டரைத் திரும்ப எழுதினோம். படிக்கிற பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிபந்தனைகளுக்கு, ஒன்று மதிப்புகளுக்கு. பயனாளர் ஊரை நிரப்பியிருந்தால் முதல் பட்டியலில் ஊர் = ? என்று சேருங்கள். மதுரை என்பதை இரண்டாவதில் சேருங்கள். பிரிவுக்கும் ஆண்டுக்கும் அப்படியே. நிரப்பாத கட்டத்துக்கு எதுவும் சேர்க்காதீர்கள். கடைசியில் நிபந்தனைகளை மட்டும் ஆண்ட் போட்டு இணைத்துத் தயார் செய்து, மதிப்புகளை வரிசையாக நிரப்புங்கள். இரண்டு பட்டியலும் கடைசிவரை கலக்கவே கூடாது.

பல ஊர் கேட்டால் எத்தனை ஊரோ அத்தனை கேள்விக்குறி. மதிப்பு இல்லை என்பதைத் தேட கேள்விக்குறியில் நல் நிரப்பினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். அதற்கு இஸ் நல் என்று தனி நிபந்தனை வேண்டும். பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும்போது, பயனாளர் அடிக்கும் சதவீதக் குறி பைண்ட் செய்தாலும் எதுவும் வரலாம் என்றே பொருள்படும். அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று. காலி இடத்தில் மதிப்பை மட்டும்தான் நிரப்பலாம். எந்தப் பத்தியில் தேடுவது, எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதெல்லாம் சலானில் அச்சடித்த பகுதி, அதைக் கேள்விக்குறியாக விட முடியாது. ஆகவே அனுமதிக்கப்பட்ட பெயர்களை நாமே ஒரு பட்டியலில் எழுதி வைத்து, வந்தது அதில் இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். "பைண்ட் பண்ணிட்டோம்ல" என்று நிம்மதியாக இருப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழப்போனேன். "அண்ணா, சார்ட் பத்தியை அப்படியே ஒட்டுறீங்க" என்று தம்பிதான் கையைப் பிடித்தார்.

பாக்கி

சர்வர் லாகைப் புரட்டினோம். தம்பி சோதித்ததைத் தவிர வேறு யாரும் இப்படி நுழைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் லாக் இருந்தது ஆறு மாதத்துக்குத்தான். அதற்கு முந்தைய வருடங்களுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. சங்கச் செயலாளரிடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "முதல்ல அவங்களுக்குச் சொல்லணும்ப்பா" என்றார். வேண்டாம் என்று குறித்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதினோம். ஒரு நண்பனின் மனைவி, அவன் இல்லாமல் ஆறு வருடமாகிறது, பதில் எழுதினார்: "சொன்னதற்கு நன்றி. நம்பரை எடுத்துவிடுங்கள்." எடுத்துவிட்டேன். அந்த இரண்டு வரியை மட்டும் மறக்க முடியவில்லை.

இந்நாள் மாணவர்களே, லேபில் ஒட்டி எழுதினாலும் புரோகிராம் ஓடும், மார்க்கும் விழும். 2010-ல் எனக்கும் விழுந்தது. ஆனால் அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். சீனியர் எழுதியதுதானே என்று விட்டுவிடாமல் ஒரு மேற்கோள் குறியை அடித்துப் பாருங்கள். உடைந்தால், அந்தத் தம்பியைப் போல, ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் எழுதியவனுக்கு ஒரு போன் போடுங்கள். ராத்திரி பத்து மணி ஆனாலும் பரவாயில்லை.

இந்தச் சந்திப்பில் அவர் வரவேற்புக் குழுவில் நிற்பார். பார்த்தால் கை குலுக்குங்கள். உங்கள் நம்பர் பத்திரமாக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

– உங்களில் ஒருவன்,
கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவு, 2006–2010